வீணாய்ப் போன வெந்நீர் தேவாலயத்தின் குளிரை விரட்டுகிறது!

இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம். ‘பாத்’ என்றால் குளியல். பெயருக்கு ஏற்ற ஊர்தான்! அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பொங்கி வருகிறது. நாள் ஒன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். சூடு சுமார் 46 டிகிரி சென்டிகிரேடு. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் இதில் குளிக்க மண்டபம் கட்டினார்கள். மிஞ்சிய தண்ணீர் போக நிலத்தடியில் பெரிய வடிகாலும் அமைத்தார்கள். அந்த வழியாகத்தான் இன்றும் வெந்நீர் ஏவன் ஆற்றில் போய் விழுகிறது.

பக்கத்திலேயே பாத் தேவாலயம் நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1499-ல் தொடங்கியது. வழிபாடு மட்டுமல்ல, ஊராரின் இசைக் கச்சேரிகளும் கூட்டங்களும் அங்கே நடக்கின்றன.

தரை இறங்கியது!

அந்தத் தரைக்கு அடியில் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நாளடைவில் மண் அமுங்கிக் குழி விழுந்தது. தரைக்கல் ஆட்டம் கண்டது. சூடு தரும் பழைய ஏற்பாடும் காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது.

இஷ்டம்போல் இடித்துக் கட்ட முடியுமா? முடியாது. சட்டம் முதல் தரப் பாதுகாப்பு அளித்த கட்டடம் அது. இறந்தவர்களின் பெயர் பொறித்த தரைக்கற்கள் மட்டும் 891!

2018-ல் வேலை தொடங்கியது. கற்களைப் பெயர்த்து, பழுது பார்த்தார்கள். குழிகளை நிரப்பிக் கெட்டிப்படுத்தினார்கள். அதன்மேல் குழாய்களைப் பரப்பி, கற்களை மறுபடி பதித்தார்கள்.

சூடு எங்கிருந்து? ரோமானியரின் வடிகாலிலிருந்து! அதற்குள் உலோகத் தகடுகளை இறக்கினார்கள். தகடுகளுக்கு வெளியே ஊற்று வெந்நீர். உள்ளே வேறு தண்ணீர். இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் மாறுகிறது. ‘வெப்ப பம்பு’ என்ற இயந்திரம் அதை இன்னும் ஏற்றித் தரைக்கு அனுப்புகிறது. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் மின்சாரத்தாலேயே நீரைக் காய்ச்சுவதைவிட மிகவும் குறைவு.

உயரமான கூரையுள்ள கட்டடத்தில் அனல் காற்று மேலே ஏறிவிடும். பயன் யாருக்கு? தரையே சூடானால் காலடியிலேயே இதம்.

பெஞ்சுக்கு வந்த வழக்கு

எல்லாரும் கைதட்டிவிடவில்லை. நடு மண்டபத்தில் 19-ம் நூற்றாண்டு மர பெஞ்சுகள் இருந்தன. அவற்றை அகற்றுவதை விக்டோரியன் சங்கம் எதிர்த்தது. பெஞ்சும் பழமைதானே? அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. முடிவில் திருச்சபை நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

2021-ல் தரை சூடேறியது. பெஞ்சுகள் இருந்த இடத்தில் இப்போது நாற்காலிகள். அவற்றை நகர்த்தினால், நெடுங்காலம் மறைந்து கிடந்த கல்லறை எழுத்துக்களை யாரும் நின்று படிக்கலாம்.