ஆளுமைச் சோதனையை நம்பி ஆளெடுக்கலாமா?

கூட்டத்தில் இருந்தால் உங்களுக்கு உற்சாகம் வருமா, களைப்பு வருமா? முடிவெடுக்கும்போது மனம் சொல்வதைக் கேட்பீர்களா, கணக்குப் பார்ப்பீர்களா? வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த ரகக் கேள்விகள் இப்போது பழகிவிட்டன. பதில்களைச் சொடுக்கி முடித்தால், ‘நீங்கள் இன்ன வகை மனிதர்’ என்று ஓர் அறிக்கை வந்துவிடும். அந்த அறிக்கையை வைத்து ஒருவருக்கு வேலை கொடுக்கலாமா, மறுக்கலாமா?

இவற்றில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது ‘மையர்ஸ்–பிரிக்ஸ்’ சோதனை. சுருக்கமாக எம்.பி.டி.ஐ. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூல்தான் இதற்கு அடிப்படை. அமெரிக்காவைச் சேர்ந்த கேதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அதிலிருந்து ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளுக்குப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்பது இசபெலின் எண்ணம். அப்படிப் பிறந்த சோதனையை இன்று வெளியிடும் நிறுவனமே, ‘ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்கிறது. காரணம், சோதனையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

நடுவில் விழும் வெட்டு

எம்.பி.டி.ஐ. நான்கு அளவுகோல்களில் ஆளை அளக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டே பக்கம். வெளிமுகமா உள்முகமா, கண்கூடான தகவலா உள்ளுணர்வா, தர்க்கமா உணர்வா, திட்டமிடலா போகிற போக்கா. நான்கையும் சேர்த்தால் 16 வகை.

ஆனால், மனிதர்கள் இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதில்லை. மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் குவிகிறார்கள். நூற்றுக்கு 49 எடுத்தவர் உள்முகம், 51 எடுத்தவர் வெளிமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் இருவருக்கும் நடைமுறையில் வேறுபாடே கிடையாது. அறிக்கையிலோ இருவரும் எதிரெதிர் வகை. அதேநேரம் 51 எடுத்தவரும் 95 எடுத்தவரும் ஒரே வகை!

விளைவு, முடிவு நிலையாக நிற்பதில்லை. ஒரு பேச்சுக்கு, ஒவ்வோர் அளவுகோலிலும் நூற்றில் 85 பேருக்கு இரண்டாம் முறையும் அதே பக்கம் வருகிறது என்று கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நான்கு அளவுகோலிலும் மாறாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? 0.85-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.52. அதாவது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு வகை மாறிவிடும். ஐந்தே வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

விருப்பம் வேறு, திறமை வேறு

முடிவு நிலையாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தச் சோதனை கேட்பது ‘உங்களுக்கு எது பிடிக்கும்’ என்று மட்டுமே. தனிமையை விரும்பும் ஒருவர் அருமையான விற்பனையாளராக இருக்கலாம். கலகலப்பானவர் வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் வாங்காதவராக இருக்கலாம். 1991-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு ஒன்று இதை அலசியது. தொழில் ஆலோசனைக்கு இச்சோதனையைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்குத் தரமான ஆய்வுகள் இல்லை என்று அது முடிவுக்கு வந்தது.

போதாக்குறைக்கு, வேலை வேண்டி வந்தவர் மனதில் இருப்பதையா எழுதுவார்? விற்பனைப் பிரிவுக்கு விண்ணப்பித்தவரிடம் ‘புதியவர்களிடம் பேசப் பிடிக்குமா’ என்று கேட்டால், என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஏன் சரியாகத் தோன்றுகிறது?

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கே உரிய’ அறிக்கை என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்தில் இருந்து அவர் எடுத்தெழுதியது. 1949-ல் இந்த ஆய்வு வெளியானது. யாருக்கும் பொருந்தும் பொதுவான வரிகளை, நாம் நமக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொள்கிறோம். வகை அறிக்கைகள் பெரும்பாலும் நல்லதையே சொல்வதால் மறுக்கவும் மனம் வருவதில்லை.

உருப்படியாக அளக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. உளவியல் ஆய்வாளர்கள் வகைகளை விட்டுவிட்டு ‘ஐந்து பண்புகள்’ முறையைக் கையாள்கிறார்கள். கடமையுணர்வு, வெளிமுகத்தன்மை, இணக்கம், மன உறுதி, புதியதை ஏற்கும் மனம். இதில் யாரையும் பெட்டிக்குள் போடுவதில்லை. ஒவ்வொரு பண்பிலும் எவ்வளவு என்றே பார்க்கிறார்கள். இவற்றில் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் பொருந்திவருவது கடமையுணர்வு.

அதன் பலமும் குறைவுதான். ஆள் தேர்வு முறைகள் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் ஒரு மறுமதிப்பீடு வெளியிட்டார்கள். முழுமையான தொடர்பு இருந்தால் 1, இல்லவே இல்லையென்றால் 0 என்ற கணக்கில், கடமையுணர்வுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.19. வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்லும் மாதிரிப் பணித் தேர்வுக்கு 0.33. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42.

செலவு குறைவு, ஆயிரம் பேரை ஒரே நாளில் வடிகட்டலாம் என்பதால்தான் நிறுவனங்கள் சோதனைகளை நாடுகின்றன. ஆனால் தவறாகக் கையாண்டால் சட்டச் சிக்கலும் வரும். மனநோயைக் கண்டறிய உருவான எம்.எம்.பி.ஐ. சோதனையைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்திய ரென்ட்–ஏ–சென்டர் நிறுவனத்துக்கு எதிராக, 2005-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் குழுவாக உட்கார்ந்து பேசுவதற்கு வகைச் சோதனை ஒரு சாக்காக இருந்துவிட்டுப் போகட்டும். சேருவதற்கு முன்னால் அதை வைத்து ஒருவரைக் கழித்துக்கட்டுவதற்கு ஆதாரம் இல்லை. கணக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? தப்பு உள்ள ஒரு பேரேட்டைக் கொடுத்து, கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்க்கலாம்.