ஒரு மடக்கு பாலில் ஒரு பாடம்! ஆட்டிசம் குழந்தைக்கு வீடே பள்ளிக்கூடம்

சென்னை புரசைவாக்கத்தில் ஒரு ஒண்டு குடித்தன வீடு. காலை மணி 6½.

அடுப்படியில் 4 வயது சிறுவன் நிற்கிறான். தாயார் டம்ளரில் ஒரே ஒரு மடக்கு பால் ஊற்றி கொடுக்கிறார். குடித்துவிட்டு டம்ளரை நீட்டுகிறான். தாயார் ஊற்றவில்லை. பால் பாத்திரத்தை கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி காத்திருக்கிறார்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

"பா" என்கிறான் பையன்.

"பால்!" என்று சொல்லி உடனே ஊற்றுகிறார் தாயார். டம்ளர் பால் தீர்வதற்குள் 6 தடவை இந்த பாடம் நடந்துவிடுகிறது.

இது கஞ்சத்தனம் அல்ல. பயிற்சி!

"செல்லம் கொடுத்து கெடுத்துட்டே"

சிறுவனுக்கு ஆட்டிசம். 3 வயது வரை "அம்மா" என்று அழைத்தது இல்லை. பெயர் சொல்லி கூப்பிட்டால் திரும்பமாட்டான். தண்ணீர் வேண்டும் என்றால் தாயாரின் மணிக்கட்டை பிடித்து குடத்துக்கு இழுத்துப்போவான்.

"செல்லம் கொடுத்து கெடுத்துட்டே" என்றார்கள் அக்கம்பக்கத்தார். காது சோதனை செய்ததில் கோளாறு இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள மாறுபாடு. வளர்ப்பு காரணம் அல்ல. தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒருகாலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே சொன்னது உண்டு. அந்த கருத்து தவறு என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது.

மிச்சம் 82½ மணி

பயிற்சி மையத்தில் வாரம் 2 நாள், முக்கால் மணி நேர வகுப்பு. மொத்தம் 1½ மணி. பையன் விழித்திருப்பதோ தினம் 12 மணி. வாரத்துக்கு 84 மணி.

"மிச்சம் 82½ மணியை என்ன செய்யப்போறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது" என்கிறார் தாயார்.

குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது எல்லாம் பாடமாயின. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது குழந்தைகளின் பெற்றோருக்காக வகுத்துள்ள பயிற்சியும் இதே வழிதான்: வீட்டு வேலையிலும் விளையாட்டிலும் கற்றுக்கொடுப்பது.

கடைசி வேலை பையனுக்கு

டிராயரை தாயார் இடுப்பு வரை ஏற்றிவிடுவார். கடைசி இழுப்பு பையனுடையது. அது பழகியதும் முழங்காலில் இருந்து அவனே இழுக்கவேண்டும். எங்கே தொடங்கினாலும் முடித்த சந்தோஷம் அவனுக்கே!

சாப்பாட்டை பாட்டி "மம்மு" என்பார். தந்தை "சாப்பாடு" என்பார். பையன் குழம்பினான். இப்போது வீடு முழுக்க ஒரே சொல்: "சாதம்".

கேட்டதை அப்படியே திருப்பிச்சொல்வதும் உண்டு. பிஸ்கட் வேண்டும் என்றால் "பிஸ்கட் வேணுமா?" என்பான். யாரும் திட்டுவது இல்லை. "பிஸ்கட் வேணும்" என்று அவன் சொல்லவேண்டியதை சொல்லிக்காட்டி கொடுக்கிறார்கள்.

மிக்சி சத்தம் கேட்டால் காதை பொத்திக்கொண்டு அலறுவான். இப்போது முன்கூட்டியே "மிக்சி போடப்போறேன்" என்று மிக்சி படத்தை காட்டுகிறார் தாயார். பையன் தானே வாசலுக்கு போய்விடுகிறான்.

பசிக்கு பாடம் இல்லை

எல்லா நாளும் இப்படி நடப்பது இல்லை. "ஆபீஸ் அவசரத்துல நானே மாட்டிவிட்டுடுவேன். ராத்திரியில கட்டாயம் காத்திருப்பேன்" என்கிறார் தாயார். பசியில் அழுதால் முதலில் சோறு, பாடம் பிறகு. வாய்ப்பேச்சுதான் வரவேண்டும் என்பதும் இல்லை. விரல் நீட்டினாலும், பார்த்தாலும் அது பேச்சுதான்.

"லேட்டா பேசுவான்" என்று காத்திருப்பது தவறு. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவிலும் காட்டலாம். 2016-ம் ஆண்டு சட்டப்படி ஆட்டிசத்துக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு.

காலி டப்பா

ஒருநாள் மாலை தந்தை வேலை முடிந்து வந்தார். அலமாரியின் மேல்தட்டை பார்த்து பையன் விரலை நீட்டினான். கையை பிடித்து இழுக்கவில்லை. விரல்! முதல் தடவை!

தந்தை டப்பாவை எடுத்து திறந்தார். காலி.

செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் தெருமுனை கடைக்கு ஓடினார்.