கள்ளிக்காட்டைத் தின்ற பூச்சி

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் போனீங்கன்னா ரோட்டோரத்துல சப்பாத்திக்கள்ளி நிக்கும். சில மட்டையில வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி திட்டுத்திட்டா இருக்கும். ஒரு குச்சியால அதை நசுக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்புல சாறு வரும். கையை வச்சிராதீங்க, மட்டையோட பொடிமுள் ஏறுச்சுன்னா எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிரும். அந்தப் பஞ்சுக்குள்ள இருக்கிறது ஒரு பூச்சி. நூறு வருஷத்துக்கு முன்னாடி தென்னிந்தியாவுல இருந்த கள்ளிக்காட்டை இந்தப் பூச்சிதான் தின்னு தீர்த்துச்சு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு அடிப்படை. ஒரு செடி சொந்த மண்ணுல இருக்கிறப்போ அதைத் தின்னப் பூச்சி இருக்கும், இலையைக் கருக்கப் பூஞ்சை இருக்கும், விதையைத் துளைக்க வண்டு இருக்கும். லட்சக்கணக்கான வருஷமா கூடவே வளர்ந்த எதிரிகள். மனுஷன் அந்தச் செடியைக் கப்பல்ல ஏத்துறப்போ விதையும் குச்சியும்தான் வருது, எதிரிகள் அங்கேயே தங்கிருது. புது ஊர்ல இருக்கிற பூச்சிக்கு இந்தச் செடியைத் தின்னத் தெரியாது. கேக்க ஆளில்லாத வீடு மாதிரி ஆயிருது. உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் எல்லாம் இங்க இப்படிப் பரவினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இது மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன். சீமைக்கருவேலங்காயை ஆடு மாடு தின்னு ஊரெல்லாம் விதைச்சதுலயும், தரிசாப் போட்ட நிலத்துலயும் நமக்கும் பங்கு இருக்கு.

சரி, கள்ளிக்கு வருவோம். இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோவுல இதோட மட்டைகள்ல ஒரு பூச்சியை வளர்த்து, அதுல இருந்து கோச்சினீல்னு ஒரு சிவப்புச் சாயம் எடுப்பாங்க. அந்த வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில இருந்துச்சு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுல ஒரு கண்ணு. மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு கம்பெனி மருத்துவர், சைதாப்பேட்டையில இதுக்காகவே ஒரு கள்ளித்தோட்டம் போட்டாரு. 1795-ல நீல்சன்ங்கிற கேப்டன் பிரேசில்ல இருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தாரு. ஆனா வந்தது அந்தச் சாயப்பூச்சி இல்லை, அதோட ஒண்ணுவிட்ட சொந்தம். சாயம் மட்டம். வியாபாரம் படுத்துருச்சு.

கம்பெனி மறந்துருச்சு, பூச்சி மறக்கலை. இந்தியாவுல பரவிக் கிடந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்ன ஆரம்பிச்சு, தோப்புத்தோப்பாச் சாய்ச்சுச்சு. அதைப் பார்த்துட்டு 1830-கள்ல தெக்கே வேணும்னே கொண்டுவந்து விட்டாங்க. 1860-கள்ல இங்கிருந்து இலங்கைக்குப் போச்சு. களையை அழிக்கிறதுக்காகவே ஒரு பூச்சியை ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன முதல் சம்பவமா இதை உலகம் முழுக்கப் பாடம் நடத்துறாங்க. நம்ம பாடப் புத்தகத்துல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

இதுல ஒரு சிக்கல். நம்ம ஊர்ல அதிகமாப் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளி வேற இனம். 1795-ல வந்த பூச்சி அதைத் தொடவே இல்லை. இந்தப் பூச்சிகளுக்கு நாக்கு அவ்வளவு கறார், ஒரு கள்ளி பிடிச்சா பக்கத்துக் கள்ளி பிடிக்காது. கள்ளியோ, மட்டை ஒண்ணு கீழ விழுந்தாலே வேர் விட்டுரும், பழத்தைத் தின்ன பறவை விதையைத் தூவும். வெட்ட வெட்டக் காடு பெருகுச்சு. கடைசியில அந்த இனத்துக்குன்னே இருக்கிற வேற ஒரு பூச்சி, வட அமெரிக்காவுல இருந்து ஆஸ்திரேலியா போய், இலங்கை வழியா 1926-ல இங்க வந்து சேர்ந்துச்சு. அஞ்சாறு வருஷத்துல தென்னிந்தியாவுல சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர் கள்ளிக்காடு காலி.

அப்படின்னா இன்னைக்கு ஏன் கள்ளி இருக்குன்னு கேப்பீங்க. செடி குறைஞ்சா பூச்சிக்குச் சாப்பாடு இல்லை, அதுவும் குறையும். தப்பிச்ச செடி மறுபடி துளிர்க்கும், பூச்சி மறுபடி தேடி வரும். ரெண்டும் கொஞ்சமா இருந்து காலம் தள்ளும். முழுசா ஒழியணும்னு எதிர்பார்க்கக் கூடாது.

இப்போ இதையே தலைகீழாப் பாருங்க. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்துச்சு. இதுவும் மெக்சிகோ பக்கம்தான். அங்க அது யாரும் கண்டுக்காத பூச்சி, ஏன்னா அதைக் கொல்லக் குளவிகள் இருக்கு. இங்க குளவி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, தேக்குன்னு எதையும் விடலை. மருந்து அடிச்சா உடம்புல இருக்கிற மெழுகுப்பூச்சு தடுத்துருது, நல்லது செய்யுற பொறிவண்டுதான் சாகுது. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு வகைக் குளவியை வரவழைச்சு, சோதிச்சு, விட்டாங்க. அதுல அசெரோஃபேகஸ் பப்பாயேங்கிற குளவி, கண்ணுக்கே சரியாத் தெரியாத சைஸ், மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வச்சு உள்ளேயிருந்தே தின்னு காலி பண்ணுச்சு. மரவள்ளி மாவுப்பூச்சின்னு வேற ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே வழிதான். 2022-ல சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல அதுக்கான குளவியை விட்டாங்க.

அதுக்காக எல்லாத்துக்கும் பூச்சியைக் கொண்டுவந்து விட்டாப் போதும்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல கள்ளியை அழிச்சுப் பேர் வாங்கின ஒரு அந்துப்பூச்சி இருக்கு, அதுக்கு அங்க ஒரு நினைவு மண்டபமே கட்டியிருக்காங்க. அதே பூச்சியைக் கரீபியன் தீவுல விட்டாங்க. 1989-ல அது ஃபுளோரிடாவுல தென்பட்டு, இப்போ அங்க இயற்கையா இருக்கிற கள்ளிகளைத் தின்னுட்டிருக்கு. உண்ணிச்செடிக்கு நம்ம நாட்டுல 1921-ல இருந்து பூச்சி விட்டுப் பார்க்கிறாங்க, பெருசா ஒண்ணும் நடக்கலை. அது பல வகை கலந்த கலப்பினக் கூட்டம், நாக்குக் கறாரான பூச்சிக்கு எல்லாம் பிடிக்கிறதில்லை. சீமைக்கருவேலத்துக்கும் பூச்சி கேக்கிறவங்க, நம்ம வன்னி மரம் அதோட சொந்தம், பூச்சி அதையும் தொடலாம்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கணும். என் கருத்து, வருஷக்கணக்கான சோதனை இல்லாம அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

நோய்க்கும் இதே கணக்குத்தான். ரப்பர் மரம் பிரேசில்ல இருந்து வந்தது. அங்க ஒரு பூஞ்சை அதோட இலையைக் கருக்கிரும். ஹென்றி ஃபோர்டு 1928-ல அமேசான்ல ஆரம்பிச்ச ரப்பர் தோட்டம் உருப்படாமப் போனதுக்கு அந்த நோய் ஒரு பெரிய காரணம். கன்னியாகுமரி, கேரளா, மலேசியா தோட்டமெல்லாம் செழிப்பா நிக்குதுன்னா, அந்தப் பூஞ்சை இன்னும் ஆசியாவுக்கு வராததும் ஒரு காரணம்.

அதனால ரெண்டு விஷயம். பப்பாளி இலையில வெள்ளைப் பூச்சியைப் பார்த்த உடனே மருந்து டப்பாவைத் தூக்காதீங்க, பக்கத்துல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க. குளவி ஏற்கெனவே வேலையில இறங்கியிருக்கலாம். அப்புறம், வெளிநாட்டுல இருந்து வர்றப்போ குச்சி, கிழங்கு, மண்ணோட செடி எதையும் பெட்டிக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வராதீங்க. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாம அதைக் கொண்டுவர்றது சட்டப்படி தப்பு.