நிலவு தேய்வதும் கிரகணம் பிடிப்பதும் கடல் பொங்குவதும் ஏன்?

லயத்து வாசலில் நின்று அம்புலி காட்டிச் சோறூட்டாத தாய் நம் தோட்டங்களில் இல்லை. அந்தப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், "அம்மாவாசைக்கு நிலா எங்க போகுது? ஏன் ஒருநாள் பாதியா தெரியுது?" என்று கேட்கத் தொடங்கிவிடும். "தேயுது, வளருது" என்று சொல்லி நாமும் சமாளித்து விடுகிறோம். ஆனால், இந்தக் கேள்விக்கான பதில் பிள்ளைகளின் பாடத்துக்கு மாத்திரம் வேண்டியதல்ல. கர்ப்பிணித் தாயின் சாப்பாடு, நமது கண், கடற்கரைக்குப் போகும் நம் பிள்ளைகளின் உயிர் ஆகிய மூன்றும் இதோடு சம்பந்தப்பட்டவை. ஆகவே, இதனைக் கொஞ்சம் பொறுமையாக விளங்கிக்கொள்வோம்.

நிலவு தேய்வதில்லை

நிலவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி பட்டுத்தான் அது பிரகாசிக்கிறது. நமது பூமியைப் போலவே நிலவிலும் ஒரு பாதி எப்போதும் பகல், மறுபாதி எப்போதும் இருட்டு. இது மாறுவதே இல்லை. மாறுவது, வெளிச்சமான பாதியில் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான்.

நிலவு நம்மிலிருந்து சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு 27 நாளும் சில மணித்தியாலங்களும் எடுக்கும். அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் நகர்ந்து விடுவதால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறக்குறைய 29½ நாட்கள் ஆகின்றன.

இந்த 29½ நாளை நான்காகப் பிரித்தால் ஒரு கிழமைக்குச் சற்று அதிகம் வரும். 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இலங்கையில் ஞாயிறு லீவுக்குப் பதிலாக, நிலவின் நான்கு நிலைகளுக்கும் போயா லீவு விடப்பட்டதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் சில வாரங்களுக்கு எட்டு நாள் வந்ததற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். இப்போது பௌர்ணமிப் போயா மாத்திரமே லீவு நாள்.

ஒரு உருளைக்கிழங்கு போதும்

பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது சுலபம். இரவில் காம்பராவை இருட்டாக்கி, பிள்ளையின் தலை உயரத்தில் ஒரேயொரு விளக்கை வையுங்கள். அதுதான் சூரியன். தோல் சீவிய உருளைக்கிழங்கை ஒரு குச்சியில் குத்திப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அதுதான் நிலவு. பிள்ளையின் தலைதான் பூமி. கையை நன்றாக நீட்டி, கிழங்கைத் தலைக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள்.

விளக்கைப் பார்த்தபடி நின்றால் கிழங்கின் இருட்டுப் பக்கம்தான் பிள்ளைக்குத் தெரியும். இது அமாவாசை. அப்படியே மெதுவாக இடது பக்கமாகத் திரும்பட்டும். கிழங்கின் ஓரத்தில் மெல்லிய கீற்று வரும். இது மூன்றாம் பிறை. கால்வாசி திரும்பினால் பாதி நிலவு. விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் முழுக் கிழங்கும் வெளிச்சமாகும். இதுவே பௌர்ணமி. இன்னும் திரும்பினால் தேய்பிறை தொடங்கும். கிழங்கு பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. அது நின்ற இடம்தான் மாறியது.

இதை விளங்கிக்கொண்டால் வானத்தைப் பார்த்தே பல விஷயங்களைச் சொல்லலாம். வளர்பிறைக் கீற்று மாலையில் மேற்கே தெரியும். பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். அதிலிருந்து ஒரு கிழமை கழித்து, விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது பாதி நிலவு உச்சியில் நிற்கும். எந்த நாளானாலும் நிலவின் வெளிச்சமான பக்கம் சூரியன் இருக்கும் திசையையே பார்த்திருக்கும்.

அப்படியானால் கிரகணம்?

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. அது சரியல்ல. பூமியின் நிழல் நிலவில் விழுவது கிரகணத்தின்போது மாத்திரம்தான்.

விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது கிழங்கைத் தலைக்கு நேராக இறக்கிப் பாருங்கள். தலையின் நிழல் அதை மூடிவிடும். இதுதான் சந்திர கிரகணம். விளக்கைப் பார்த்து நிற்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிழங்கை விளக்குக்கு நேரே பிடித்தால் விளக்கு மறைந்துவிடும். இது சூரிய கிரகணம். ஆகவே, சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும், சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும்.

பின் ஏன் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை? நிலவு சுற்றும் பாதை ஏறக்குறைய 5 பாகை சரிந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிலவு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடும். அந்தச் சரிந்த பாதை, சூரியனின் பாதையை வெட்டும் இடங்கள் இரண்டு. பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்பவை அந்த இரண்டு இடங்களே. பௌர்ணமியோ அமாவாசையோ அந்த இடங்களுக்கு அருகில் நேர்ந்தால் கிரகணம் உண்டாகும். இது கணக்கு. அதனால்தான் பல வருஷங்களுக்கு முன்பே நேரம் குறித்துச் சொல்ல முடிகிறது.

2025 செப்டெம்பர் 7ஆம் திகதி போயா இரவில் முழுச் சந்திர கிரகணம் வந்தது. நிலவு சுமார் 82 நிமிடங்கள் பூமியின் நிழலுக்குள் முழுமையாக மூழ்கியிருந்தது. அப்போது நிலவு செம்பு நிறமாவது, பூமியின் காற்று மண்டலத்தினூடாக வளைந்து செல்லும் சிவந்த ஒளி அதன்மேல் படுவதால்தான். அந்தி வானம் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

"கிரகணம் புடிக்கிது, வெளிய போகாத, தண்ணிகூட குடிக்காத, புள்ளைக்கு ஒதடு பிளந்துரும்" என்று பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் கிரகணம் என்பது ஒரு நிழல். மரநிழலில் நின்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதது போல, இதனாலும் ஒன்றும் ஆகாது. பிள்ளையின் உதடு கர்ப்பத்தின் முதல் இரண்டு மூன்று மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. உதட்டுப் பிளவுக்குப் பரம்பரை உட்படப் பல காரணங்கள் உண்டு, கிரகணம் அவற்றில் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை மூலம் உதட்டைச் சீர்செய்யவும் முடியும். தாயைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து பட்டினிதான். இரத்தச்சோகை உள்ள தாய் மணிக்கணக்காகச் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருந்தால் மயக்கம் வரும், உடம்பு தளரும். கோயிலும் விரதமும் அவரவர் நம்பிக்கை. கர்ப்பிணிக்கு மாத்திரம் வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், குடும்பநல மாது கொடுத்த மாத்திரை, திரிபோஷ எதையும் நிறுத்தாதீர்கள்.

கண்ணைக் காப்போம்

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம். சூரிய கிரகணம் அப்படியல்ல. 2010 ஜனவரி 15ஆம் திகதியும் 2019 டிசெம்பர் 26ஆம் திகதியும் வடக்கில் சூரியன் நெருப்பு வளையம் போலத் தெரிந்தது. மலையகத்தில் ஒரு பகுதிதான் மறைந்தது. அப்படிப் பகுதியாக மறைந்த சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். விழித்திரைக்கு வலி தெரியாது. பிள்ளை அழாது, ஆனால் பார்வை போய்விடும். எக்ஸ்ரே படம், கரி பூசிய கண்ணாடி, கூலிங் கிளாஸ், மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் பாதுகாப்பல்ல.

நல்ல வழியொன்று தோட்டத்திலேயே இருக்கிறது. நிழல் மரத்தின் கீழே, இலை இடுக்குகளால் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் பாருங்கள். கிரகண நேரத்தில் அவை ஒவ்வொன்றும் குட்டிப் பிறைகளாக மாறும். சூரியனுக்கு முதுகைக் காட்டி, தரையைப் பார்த்தே கிரகணத்தை ரசிக்கலாம்.

கடல் ஏறுவதும் வற்றுவதும்

நிலவு பூமியை இழுக்கிறது. நிலவுக்குக் கிட்டே உள்ள கடலைக் கூடுதலாகவும், பூமியின் நடுப்பகுதியை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கத்துக் கடலை இன்னும் குறைவாகவும் இழுக்கும். இதனால் கிட்டிய பக்கத்தில் நீர் பொங்கும், எட்டிய பக்கத்திலும் நீர் பின்தங்கிப் பொங்கும். பூமி சுழலும்போது ஒரு கரை இந்த இரண்டு பொங்கல்களையும் கடந்து போகிறது. எனவேதான் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறுகிறது. நிலவு தினமும் சுமார் 50 நிமிடம் பிந்தி உதிப்பதால், கடல் ஏறும் நேரமும் அவ்வாறே பிந்துகிறது.

சூரியனும் இழுக்கிறது, ஆனால் அதன் வேலை நிலவினுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றம் அதிகம். பாதி நிலவு நாட்களில் ஏற்றம் குறைவு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 15 மீற்றருக்கும் மேல் ஏறி இறங்கும். நம் நாட்டுக் கரைகளில் ஒரு மீற்றரும் வராது. கிணற்றிலோ தோட்டத்துக் குளத்திலோ இது தெரிவதில்லை. அவ்வளவு சிறிய இடத்தில் இழுப்பில் வித்தியாசம் இல்லை.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி போயா நாள். அன்று வந்த சுனாமியில் நம் நாட்டில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். "போயா அன்னிக்குத்தானே கடல் பொங்கிச்சு" என்று சிலர் இன்றும் நிலவின்மேல் பழி போடுகிறார்கள். சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி. நிலவினால் கடல் ஏறவும் வற்றவும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கும். சுனாமியின்போது சில இடங்களில் சில நிமிடங்களிலேயே கடல் உள்வாங்கியது. அதைப் பார்க்கக் கடலுக்குள் நடந்து போனவர்களும் உண்டு.

கொழும்பிலும் மற்றக் கரையோர ஊர்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் லீவு நாளில் கடற்கரைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: கடல் திடீரென உள்ளே போனால் வேடிக்கை பார்க்க நிற்கக்கூடாது. மேட்டை நோக்கி உடனே ஓட வேண்டும்.

அடுத்த போயா இரவில் வானம் வெளித்திருந்தால், பிள்ளைகளோடு வாசலுக்கு வந்து நிலவைப் பாருங்கள். உருளைக்கிழங்கையும் மறக்க வேண்டாம்!