ஸ்டீரிங் ஆடுதா? உஷார்!

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் விற்க மனசு வராமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டீரிங் ஆடினால், "கொஞ்சம் ஆட்டம்தானே, ஓட்டிக்கலாம்" என்பார்கள். அங்கேதான் ஆபத்து!

சக்கரத்தைத் திருப்புகிற டை ராடின் நுனியில், "எண்டு"க்குள் ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் தூசி, தண்ணீர் புகும். கிரீஸ் போய்விடும். குண்டு தேய்ந்து கழன்றால், ஸ்டீரிங் கையில் இருக்கும். சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்!

சோதிப்பது சுலபம். ஒருவர் ஸ்டீரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே குனிந்து பார்க்கவேண்டும். ராடு அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் எண்டு போச்சு!

மாற்றியதும் அலைன்மெண்ட் அவசியம். இல்லாவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

கதவு, பம்பரை சென்னை புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம். எண்டு மட்டும் புதுசுதான் போடணும்!