நிரப்பி முடிக்கத்தக்க இணையப் படிவம்

சங்கத்தில் சேர்வதற்கும், கடன் கோருவதற்கும், நூலும் உரமும் கேட்பதற்கும் காகித மனுவுக்குப் பதிலாகக் கைப்பேசியில் இணையப் படிவம் நிரப்பும் வழக்கம் பரவி வருகிறது. இதனால் அங்கத்தினருக்கு அலைச்சல் மிச்சம். சங்கத்துக்கு எழுத்து வேலை மிச்சம். ஆயினும் இதில் ஓர் அபாயமும் உண்டு. காகித மனுவில் குறையிருந்தால் குமாஸ்தா கேட்டுத் திருத்திவிடுவார். இணையப் படிவத்தைப் பாதியில் விட்டவரைப்பற்றியோ சங்கப் புத்தகத்தில் ஒரு வரியும் இராது. அவர் விண்ணப்பிக்கவேயில்லை என்றே கொள்ளப்படும். இவ்வாறு விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களே. சங்கத்தின் உதவி மிகவும் வேண்டியவர்களும் அவர்களே. ஆகையால், படிவம் அமைப்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு நிர்வாகக் கமிட்டி வாளாவிருத்தல் தகாது.

வாயிலிலேயே மக்களைத் தடுக்கும் படிவத்துக்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 2013 அக்டோபர் 1ஆம் தேதி அந்நாட்டு அரசாங்கம் மருத்துவ இன்ஷூரன்ஸ் பெறுவதற்கான இணையதளத்தைத் திறந்தது. திட்டங்களின் விலையைப் பார்க்குமுன்பே ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். பெருங்கூட்டம் அந்த ஒரே வாயிலில் நெருங்கியது. இயந்திரக் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. முதல் நாளில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறே பேர். பிறகு, கணக்குத் தொடங்காமலே விலையைப் பார்க்க வழி செய்தார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று காட்டாமல் முதலிலேயே விவரம் கேட்பது தவறு என்பது இதனால் விளங்கும்.

இனி, கவனிக்கவேண்டிய விதிகளைக் கூறுவோம்.

முதலாவது, தேவையானதை மட்டும் கேட்கவேண்டும். அங்கத்தினர் எண்ணைக் கொடுத்தவரிடம் தகப்பனார் பெயரையும் விலாசத்தையும் மீண்டும் கேட்பானேன்? அவை சங்கப் பதிவேட்டிலேயே இருக்கின்றனவே! வங்கிக் கிளையின் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு தெரிந்தால் கிளையின் பெயரும் தானே தெரிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, 'இந்த விடையை வைத்து யார் என்ன செய்வார்?' என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லையேல் கேள்வியை அடித்துவிடுங்கள். குறித்த காரியத்துக்கு வேண்டிய விவரத்தையே பெறவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்துமாகும்.

இரண்டாவது, அங்கத்தினரின் வழக்கப்படி கேட்கவேண்டும். 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் வைத்தால், தலைப்பெழுத்தும் பெயருமாக எழுதும் நம்மவர் எதை எங்கே எழுதுவது? பெயருக்கு ஒரே கட்டம் போதும். பலவகைப் பெயர்களுக்கும் ஒரே கட்டம் பொருந்தும் என்று பிரிட்டிஷ் அரசாங்கத்தின் படிவ வழிகாட்டியும் கூறுகிறது. நிலப் பரப்பு விஷயமும் இத்தகையதே. விவசாயி ஏக்கர், சென்ட் என்று சொல்கிறார். பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன. ஓர் ஏக்கர் ஏறக்குறைய 40.5 ஏர். 'பரப்பு' என்று மட்டும் கேட்டால் ஒருவர் 1 என்றும் மற்றவர் 40.5 என்றும் எழுதுவர். இரண்டும் சரி, கணக்கு மட்டும் பிழையாகும். எந்த அளவில் வேண்டும் என்பதைக் கட்டத்தின் அருகிலேயே குறிப்பிடுக.

மூன்றாவது, பிழையைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 'தவறான பதிவு' என்று சிவப்பெழுத்தில் காட்டினால் அங்கத்தினர் எதைத் திருத்துவார்? ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் மொத்தம் 11 எழுத்துகள்; ஐந்தாவது பூஜ்யம். அவ்விடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தை இடுவோர் உண்டு. 'ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் இடுக' என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொன்னால் காரியம் முடிந்தது. ஒரு பிழைக்காக, நிரப்பிய மற்றக் கட்டங்கள் அழிந்துபோகலாகாது. பாவில் ஓரிழை அறுந்தால் முடிந்துகொள்கிறோமே ஒழியப் பாவு முழுவதையும் கழற்றி எறிவதில்லை.

நான்காவது, மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். ரசீது எண்ணும், முடிவு தெரியும் நாளும், விசாரிக்கவேண்டிய தொலைபேசி எண்ணும் கடைசிப் பக்கத்தில் இருப்பது அவசியம்.

படிவத்தை வெளியிடுமுன் அங்கத்தினர் ஐவரை அழைத்து, அவரவர் கைப்பேசியிலேயே நிரப்பச் செய்யுங்கள். அருகிலிருந்து உதவாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அங்கே படிவத்தைத் திருத்துங்கள். அதன் பின்னரும் முடியாதவர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் காகித மனுவும், நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளும் இருக்கட்டும். அங்கத்தினரில் ஒருவரும் படிவத்தின் காரணமாக விடுபடலாகாது.