பாட்டு சாஃப்ட்வேரைத் திறந்ததும் லேப்டாப்பில் சத்தம் போயிடுதா? பழுது இல்லை... காரணம் இதுதான்!

ராத்திரி 11 மணி. மறுநாள் காலை கல்யாணக் கச்சேரிக்கு டிராக் ரெடி பண்ணணும். எஃப்எல் ஸ்டுடியோவைத் திறந்து வேலையை ஆரம்பிக்கிறீர்கள். ஒரிஜினல் பாட்டை ஒருமுறை கேட்டுக்கலாம் என்று யூடியூப் பக்கம் போனால், வீடியோ ஓடவில்லை. 'ஆடியோ ரெண்டரர் எரர், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது.

ரீஸ்டார்ட் செய்தாச்சு. இப்போது யூடியூப்பில் பாட்டு கேட்கிறது. ஆனால், எஃப்எல் ஸ்டுடியோ ஊமையாகிவிட்டது!

உடனே பலர் செய்வது என்ன? 'சவுண்ட் கார்டு போச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அல்லது விண்டோஸையே அழித்துவிட்டு புதிதாகப் போடுவது. இதில் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பேக்கப் எடுக்காத பாட்டு ஃபைல்கள் எல்லாம் ஒரே அடியில் காணாமல் போய்விடும்.

பெரும்பாலும் அங்கே எதுவுமே பழுதாகி இருக்காது. ஒரே சவுண்ட் டிவைஸுக்கு இரண்டு சாஃப்ட்வேர்கள் சண்டை போடுகின்றன, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

தெருவில் வரும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரிசையில் நின்று குடம் வைத்தால் எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கும். ஒரு வீட்டில் மட்டும் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால்? மற்ற வீடுகளுக்குச் சொட்டுகூட வராது.

விண்டோஸிலும் இதே கதைதான். யூடியூப், ஜூம், மீடியா பிளேயர் போன்றவை வரிசையில் நிற்பவை. இவற்றின் சத்தத்தை எல்லாம் விண்டோஸ் ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இதற்கு 'ஷேர்டு மோட்' என்று பெயர். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இதைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பு 'வசாபி'.

இசை சாஃப்ட்வேர்களோ பெரும்பாலும் 'ஆசியோ' என்ற டிரைவரைப் பயன்படுத்துகின்றன. கியூபேஸ் சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. விண்டோஸின் கலவை வேலையைத் தாண்டி நேரடியாக சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் போட்ட வீடு இதுதான்!

எதற்கு இந்த அவசரம்?

காரணம் தாமதம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதும் சத்தம் உடனே காதுக்கு வர வேண்டும். கொஞ்சம் தள்ளி வந்தாலும் தாளம் பிசகிவிடும். விண்டோஸ் கலந்து அனுப்பும்போது தாமதம் கூடலாம். அதனால்தான் ஆசியோ நேர்வழியில் போகிறது.

சரிசெய்வது எப்படி?

1. முதலில் சோதனை: எல்லா சாஃப்ட்வேரையும் மூடிவிட்டு, லேப்டாப்பில் இருக்கும் ஒரு பாட்டை மீடியா பிளேயரில் போடுங்கள். கேட்கிறதா? அப்படியென்றால் ஸ்பீக்கரும் சவுண்ட் கார்டும் நலம். கடைக்குப் போகத் தேவையில்லை.

2. திறக்கும் வரிசையை மாற்றுங்கள்: பிரவுசர், ஜூம் எல்லாவற்றையும் முழுசாக மூடிவிட்டு இசை சாஃப்ட்வேரை முதலில் திறங்கள். 'ஆசியோ ஃபார் ஆல்' என்ற இலவச டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வேறொரு சாஃப்ட்வேர் ஏற்கெனவே டிவைஸைப் பிடித்திருந்தால் இதற்குக் கிடைக்காது.

3. டிரைவரை மாற்றுங்கள்: எஃப்எல் ஸ்டுடியோவில் ஆப்ஷன்ஸ், ஆடியோ செட்டிங்ஸ் போய் 'எஃப்எல் ஸ்டுடியோ ஆசியோ' என்பதைத் தேர்வு செய்யுங்கள். பொதுவாக யூடியூப்பும் இதுவும் ஒன்றாக ஓடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி வைத்திருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடுவதுதான் சரி.

4. பின்னணியில் போனால் விட்டுவிடச் சொல்லுங்கள்: கியூபேஸ், ரீப்பர் இரண்டிலுமே, நீங்கள் வேறு சாஃப்ட்வேருக்குப் போகும்போது டிவைஸை விடுவிக்கும் வசதி ஆடியோ செட்டிங்ஸில் இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் பாதி தலைவலி தீரும்.

5. விண்டோஸ் செட்டிங்: சவுண்ட் செட்டிங்ஸில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' போய், உங்கள் ஸ்பீக்கரின் ப்ராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியைத் திறங்கள். அங்கே 'எக்ஸ்க்ளூசிவ் கன்ட்ரோல்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வசாபி வழியாக எந்த சாஃப்ட்வேரும் டிவைஸைத் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று, ஆசியோவை இந்த டிக் கட்டுப்படுத்தாது. அதற்கு மேலே சொன்ன வழிகள்தான்.

பாட்டு வேகமாக ஓடுதா? சுருதி ஏறுதா?

இதுவும் ஒருவகை மோதல்தான். சிடி ஆடியோவில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். வீடியோவுக்கான ஆடியோவில் வழக்கமாக 48,000. 44,100-ல் பதிவான பாட்டை மாற்றம் செய்யாமல் 48,000-ல் ஓட்டினால், கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும். சுருதியும் ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறிவிடும். அந்த டிராக்கை வைத்துப் பாடினால் பாடகர் பாடு திண்டாட்டம்தான்!

விண்டோஸ், இசை சாஃப்ட்வேர், இன்டர்ஃபேஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பழைய பாட்டை இம்போர்ட் செய்யும்போது 'கன்வெர்ட் செய்யவா?' என்று சாஃப்ட்வேர் கேட்டால், சரி என்று கொடுங்கள்.

கரகரன்னு சத்தம் வருதா?

அப்படியென்றால் 'பஃபர் சைஸ்' ரொம்பக் குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டர் அடுத்த துண்டு சத்தத்தைத் தயார் செய்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. 48,000 சாம்பிள் வேகத்தில் 128 பஃபர் என்றால் அதற்குக் கிடைக்கும் நேரம் 2.7 மில்லி விநாடிதான். 256 என்றால் 5.3. 1,024 வைத்தால் 21 மில்லி விநாடி.

வாசிக்கும்போதும் பாடும்போதும் 128 அல்லது 256. மிக்ஸிங் செய்யும்போது 512 அல்லது 1,024. இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

புளூடூத் ஹெட்செட் போட்டிருக்கீங்களா?

பாட்டு மட்டும் கேட்கும்போது அருமையாக இருக்கும். அதே ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது சாஃப்ட்வேர் பயன்படுத்த ஆரம்பித்ததும், வழக்கமான புளூடூத் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறிவிடும். உடனே சத்தம் டெலிபோனில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். கூடவே தாமதமும் உண்டு. ரெக்கார்டிங்குக்கு வயர் வைத்த ஹெட்போன்தான் சரி.

மைக்கில் எதுவுமே பதிவாகவில்லை என்றால், விண்டோஸின் பிரைவசி செட்டிங்ஸில் மைக்ரோஃபோன் அனுமதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃப் ஆகியிருந்தால் எவ்வளவு விலை மைக்காக இருந்தாலும் மௌனம்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

ஆப்பிளின் 'கோர் ஆடியோ' அமைப்பு பல சாஃப்ட்வேர்களின் சத்தத்தைச் சேர்த்தே ஓட விடுவதால் இந்தச் சண்டை குறைவு. ஆனால் சாம்பிள் ரேட் குழப்பம் அங்கேயும் வரும். 'ஆடியோ மிடி செட்அப்' என்ற ஆப்பைத் திறந்து எண்ணைச் சரிபார்க்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க!

'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும் அப்டேட்' என்று விளம்பரம் செய்யும் முன்பின் தெரியாத சாஃப்ட்வேர்களை டவுன்லோடு செய்யாதீர்கள். வைரஸ் வந்து உட்காரவும் வாய்ப்பு உண்டு. டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் அல்லது இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டும் எடுங்கள்.

மேலே சொன்னது எல்லாம் செய்தும், எந்த சாஃப்ட்வேரிலும் சத்தமே வரவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போகலாம். அப்போதும் போவதற்கு முன்னால் பாட்டு ஃபைல்களை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் கார்டு போனால் புதிதாக வாங்கிவிடலாம். ராத்திரி கண் முழித்துப் போட்ட டியூனைக் கடையில் வாங்க முடியாதே!